உதுமான் மவுத்தான சேதி

"என் தந்தை வெடி விபத்தில் இறந்துவிட்டார்."

முன்னறையிலிருந்து மகள் முஹ்சினாவின் குரல் கேட்டதும், அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த உதுமானின் கை அப்படியே நின்றது. அந்தத் தந்தை அவர்தான்.

"அல்லாவே! என்ன பேச்சு இது?" என்று பதறி எழுந்த மனைவி சம்சாத்தைக் கையமர்த்தினார்.

"பேசாம இரு. என் மவுத்துல ஒரு சீட்டு கிடைச்சா லாபந்தானே?"

சிரித்துத்தான் சொன்னார். கையிலிருந்த டீயை ஆற்றத்தான் மறந்துபோனார்.

நாளை முஹ்சினாவுக்கு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நேர்காணல். தேறினால் படிப்பு இலவசம். தவறினால் இவர்களுக்கு வேறு வழியில்லை. தன் மகனை அங்கே சேர்த்துவிட்ட சம்சாத்தின் தம்பி சாபிர், கேள்வி கேட்டுப் பழக்க வந்திருந்தார். தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் மனமிரங்கிச் சீட்டு தருவார்கள் என்பது அவர் யோசனை.

சிவகாசியில் வேன் ஓட்டிப் பிழைத்தவர் உதுமான். பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகித லோடு ஏற்றிப்போவார். ஒரு சீசனில் விஸ்வநத்தத்தில் சரக்கு இறக்கும்போது பக்கத்து ஷெட் பற்றிக்கொண்டது. முதுகும் வலக்கையும் வெந்து, எப்படியோ பிழைத்து வந்தார்.

"எந்த ஆஸ்பத்திரியில இறந்தாரு?" சாபிர் அடுத்த கேள்வியைப் போட்டார். முஹ்சினா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

உதுமானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மதுரை பெரியாஸ்பத்திரின்னு சொல்லும்மா!"

"மவுத்தானவுக பேசக் கூடாது மச்சான்!" சாபிர் சிரித்தார். "சரி, கடைசியா என்ன சொன்னாரு?"

உதுமான் நிலைப்படிக்கே வந்துவிட்டார். மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

"கட்டு மாத்துறப்ப, 'என்னைக் கொன்னுடுங்க'ன்னு கத்துனாங்க மாமா. நர்ஸம்மா என்னைய வெளிய போகச் சொன்னாங்க. நான் போகலை. வலிக்காம அந்தக் கட்டை அவுக்கப் படிக்கணும், அம்புட்டுதான். மவுத்தானவுகளுக்கு டாக்டர் எதுக்கு?"

"இந்த ஊர்ல வெந்து பொழைச்சவுக எம்புட்டுப் பேரு! இதுக்கெல்லாம் சீட்டு தர மாட்டான்," என்றார் சாபிர்.

"தராட்டிப் போகட்டும். அத்தாவைக் கொன்னுட்டு நான் படிக்க மாட்டேன்."

"ஏம்மா, ஒரு வார்த்தைதானே... சொல்லிட்டுப் போயேன்," என்று கெஞ்சினார் உதுமான். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

"நாளைக்கு அழுதுக்கிட்டு எனக்குப் போன் போடாதீக!" சாபிர் விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

"மச்சான், டீயாவது குடிச்சிட்டு..." உதுமான் வாசல்வரை வந்தார்.

பைக் தெருமுனை திரும்பிவிட்டது. ஓடிப்போய்க் கூப்பிடலாமா? வேண்டாமா? மகள் சொன்னது நெஞ்சில் இனித்தது. நாளை சீட்டு கிடைக்காமல் போனால்? கதவைப் பிடித்தபடி நின்றார்.

"கொசு வருதுங்க," என்றாள் சம்சாத்.

உதுமான் கதவைச் சாத்தினார்.