கோலகங்சார் தாய்மரத்துக்கு ஒரு தேங்காய்

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கியது இந்த ஆண்டுதான். முதல் கன்றுக்கு விதை எங்கே என்ற பேச்சு வந்ததும் என் மனைவி மாரியாயி, "கோலகங்சாரு தாய்மரத்து வெதைதான் வேணும். இல்லாட்டி நெலம் சும்மா கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள். பதினைந்து வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? விதை உதிரும் பருவம் பார்த்துக் கிளம்பினோம்.

ஈப்போவில் காலை ஏழு மணி ரயில். முப்பது மைலுக்குச் சற்றுக் கூடுதல். கோலகங்சார் ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவுக்கு இருபது காசு. நடந்தும் போகலாம், வழியெல்லாம் நிழல்.

மலாயாவில் முதன்முதலாக நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றான தாய்மரம் வேலிக்குள் நிற்கிறது. வாசல் திறந்திருந்ததால் உள்ளே போனோம். மாரியாயி தேங்காயை வைத்துச் சூடம் ஏற்றினாள். புது வெட்டுத் தொடங்கும்போது நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தில் முதல் மரத்துக்குச் செய்வதுதான். காவல்காரர் முனியாண்டி பதறி ஓடிவந்தார்.

"அக்கா, நெருப்பு வைக்காதீங்க லா! தொரை பாத்தா என் சோறு போயிரும். வேலிக்குள்ள விழுற வெதையயும் தொடக்கூடாது."

மாரியாயி வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கையோடு திரும்புவது எனக்கும் வலித்தது. முனியாண்டிக்கு மனம் கேட்கவில்லை போலும். வேலி ஓரம் நின்று பேச்சுக் கொடுத்தார். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம். லண்டன் தோட்டத்தில் முளைத்த கன்று சிங்கப்பூர் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்த கதையைச் சொன்னார். காப்பி நட்ட துரைமார் அன்றைக்கு இதைச் சீந்தவில்லையாம். மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையும் அந்தச் சிங்கப்பூர் தோட்டத்தில்தான் பிறந்ததாம்.

"இப்ப நல்லா பால் தர்ற மரத்து மொட்ட எடுத்து வேற கன்னுல ஒட்டுறாங்க அண்ணே. இனிமே தோட்டத்துல தேர்ந்தெடுக்கற மரத்தத்தான் ஊரே நடும்."

"தேர்ந்தெடுக்கட்டும். நட்டு வெட்டுறது நம்ம கைதானே?" என்றாள் மாரியாயி.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தாவரத் தோட்டம் தந்தது ஒருசில கன்று. பேராக் முழுக்க அதைக் காடாக்கியவர்கள் நாங்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. பால்மரக் காய் வெயிலில்தான் வெடிக்கும். டப்பென்று ஒரு சத்தம். வேலி தாண்டித் தெறித்த விதை சாலையில் உருண்டது.

"வேலிக்கு வெளிய நான் காவல் இல்லக்கா," என்று சிரித்தார் முனியாண்டி. மாரியாயி விதையை எடுத்து முடிந்துகொண்டு, கொண்டுவந்த தேங்காயை உடைத்தாள். அவருக்கும் ஒரு மூடி கிடைத்தது.

போகிறவர்கள் வெயில் நாளில் போங்கள், சூடத்தை வீட்டில் வையுங்கள். விதை காய்ந்தால் முளைக்காது. ஈரத்துணியில் சுற்றி வந்து உடனே ஊன்றிவிடுங்கள்.

எங்கள் விதை முளைத்துவிட்டது. "வேலி போடவா?" என்று கேட்டேன்.

"வேணாம். இதோட வெதைய வர்றவங்க எடுத்துட்டுப் போகட்டும்," என்றாள் மாரியாயி.