எல்லோருக்கும் சோயாக் குழம்பு

ஓக் கும்ஹீ எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்த முதல் வாரமே தன் அறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து மனதில் பட்டதைச் சொல்லலாமாம். கதவு போனபின் நாங்கள் ஐந்து பேரும் இன்னும் அடக்கமாகிவிட்டோம். முன்பாவது அது மூடியிருக்கும்போது முணுமுணுக்க முடிந்தது.

கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டி செய்கிற கம்பெனி எங்களுடையது, தென்கொரியாவின் குவாங்ஜுவில். திருகாணி முடுக்கும் வேலையில் சேர்ந்து, இருபத்தாறு வருடத்தில் வடிவமைப்புக் குழுவின் தலைமைக்கு வந்த பெண்மணி அவர். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றையும் விடமாட்டார். கேட்டுவிட்டு வந்ததை மறுநாளே எங்கள்மேல் செய்து பார்ப்பார். அப்படித்தான் கருத்துப் பெட்டி வந்தது. மூன்று மாதம் கழித்துத் திறந்தால், உள்ளே கோழிக் கடையின் தள்ளுபடிச் சீட்டு ஒன்று கிடந்தது.

"யாருக்கும் ஒரு குறையும் இல்லையா?"

"இல்லைங்க டீம்ஜாங்நிம்!" என்றோம் ஒரே குரலில். குழுத்தலைவரே என்று அர்த்தம், பதவியைச் சொல்லித்தான் இங்கே கூப்பிடுவது.

மதியம் வாசலுக்கு எதிர்க்கடையில் சாப்பாடு. அவர் சோயாக் குழம்பு என்பார். நாங்கள் "அதேதான்" என்போம். எல்லோரும் ஒன்றையே கேட்டால் சீக்கிரம் வரும் என்று ஒரு சாக்கும் வைத்திருந்தோம்.

புதுக் குளிர்பெட்டியின் மேல்மூடி அவர் வரைந்தது. வெள்ளிக்கிழமை சியோல் தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டால், நவம்பரில் ஊரே கிம்ச்சி போடும் சமயத்துக்குப் பெட்டி கடைக்கு வரும், அவரும் இயக்குநராவார். முந்நூறு தடவை திறந்து மூடியபின் அந்த மூடி நிற்காமல் தொப்பென்று விழும் என்பதுதான் சங்கடம். சோதித்துப் பார்த்த என் மணிக்கட்டிலேயே விழுந்தது.

"ஜின்மோ, கையில என்ன?"

"மலையேறப் போனேங்க, வழுக்கிருச்சு."

வலிக்கு ஒட்டும் பட்டையை எடுத்து வந்து தானே ஒட்டிவிட்டார். கூசிப்போனேன். ஆனாலும் அறிக்கையில் 'சிறு திருத்தம் தேவைப்படலாம்' என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை, நாங்கள் சித்தி என்று கூப்பிடும் கடைக்காரி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"குழம்பு கவுந்துபோச்சு. வேற சொல்லுங்க."

ஐந்து தலைகளும் ஓக் பக்கம் திரும்பின. அவர் துணைத் தலைவர் மேங்கைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேங் சார்."

"எனக்கு எதுவா இருந்தாலும் சரிதாங்க."

"அப்படி ஒரு அயிட்டம் எங்க கடையில இல்ல," என்றாள் சித்தி. "பதினோரு மாசமா பாக்குறேன். அந்தம்மா வாய் அசைஞ்சா அஞ்சு பேரும் அதேதாங்கறீங்க. நாக்கு உங்களோடதா, கம்பெனி குடுத்ததா?"

"எனக்குக் கணவாய் வறுவல்," என்றேன் நான், ரோஷம் வந்து.

"எனக்கும் அதுதான் உயிரு!" என்றார் ஓக்.

"அப்ப ஏங்க தினம் குழம்பு?" என்றேன்.

"நீங்க ஆசையா சாப்பிடுறீங்களேன்னுதான். முதல் நாள் மேங் சார்தானே இங்க குழம்பு விசேஷம்னாரு?"

மேங்கின் காது சிவந்தது. "அது முந்தின டீம்ஜாங்நிம்முக்குப் பிடிச்சதுங்க. எனக்கு அந்த வாசனையே ஆகாது."

ஓய்வுபெற்று மீன்பிடிக்கப் போய்விட்ட மனிதருக்காக ஆறு பேர் பதினோரு மாதம் குழம்பு குடித்திருக்கிறோம். ஓக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"குழம்புக்கே இப்படின்னா, வேற எதுக்கெல்லாம் தலையாட்டினீங்க?"

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். விடுவதாக இல்லை. நான் மணிக்கட்டை மேசைமேல் வைத்தேன்.

"நான் மலைக்குப் போகலைங்க. மூடி விழுந்துச்சு."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்குமேங்க," என்றார் மேங், கீழே பார்த்தபடி.

"முந்நூறு தடவைன்னா ஒரு வீட்டுல மூணு மாசம். பிப்ரவரியில யார் கையோ உடையும். அதைவிட என் மூஞ்சி வாடக்கூடாதுங்கறது உங்களுக்குப் பெருசாப் போச்சா?"

வந்த கணவாயைத் தட்டைப் பார்த்தபடியே தின்று முடித்தோம்.

வெள்ளிக்கிழமை சியோலுக்கு ஓக்குடன் நானும் போனேன். "வரைஞ்சது நான். தப்பு என்னோடது. இந்த நவம்பருக்கு வராது," என்றார். என் அறிக்கையைப் பற்றி மூச்சு விடவில்லை. இயக்குநர் பதவி குக் என்ற சியோல்காரருக்குப் போனது.

குக் முதல் கூட்டத்திலேயே திரையில் தேதியைக் காட்டினார். புது மூடி மூன்று வாரத்தில் வேண்டுமாம். "எல்லாருக்கும் சம்மதம்தானே?"

பழையபடி எல்லாத் தலைகளும் குனிந்தன. குக்கின் நாற்காலி ஓக்குக்கு வரவேண்டியதாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் தலையாட்டிய மேங்தான் எழுந்தார்.

"ஆகாதுங்க. ஏழு வாரம் வேணும்."

அடக்கி உட்காரவைப்பார் என்ற நம்பிக்கையில் குக் ஓக்கைப் பார்த்தார். ஓக் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"ஏன்னு சொல்லுங்க மேங் சார். நிதானமா, முழுசா சொல்லுங்க."