நாளைக்கு வாங்க

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. ஒரு தலைப்பில் மீன் வாடை, மறு தலைப்பில் புதுத்துணி வாடை. நடுவில் ஸைனுலாப்தீனின் கடை. ஃபேன், தண்ணி மோட்டர், மிக்ஸி, எது எரிந்துபோனாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருவார். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர், அவருக்கு ‘ஃபேன் காக்கா’ என்று பேர். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் மனிசன் எந்தச் சாமானையும் சொன்ன நாளில் கொடுக்கமாட்டார்.

“நாளைக்கு வாங்க. ஒரு சின்ன வேல கிடக்கு.”

நாளைக்குப் போனாலும் அதே சின்ன வேலை கிடக்கும். அதற்குள் ஒரு பிளேன் டீ வரும், கதிரையை இழுத்துப் போடுவார், கதை தொடங்கிவிடும். அவருடைய மனைவி சபியா உம்மா ஆக்கிய மாங்காய் போட்ட மீன் பாலாணக் கறியில் தொடங்கி, அவள் மவுத்தாகிக் கண்மூடிய அன்று காலையில் கூட அவருடைய சாரனைத் துவைத்துக் காயப்போட்ட கதைவரைக்கும் போகும். வந்தவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸைத் தவறவிடுவார்.

சோம்பல் என்று நினைத்தால் பிழை. சாமான் அன்றைக்கே திருந்தியிருக்கும். அதை ஒரு துண்டால் மூடிவைத்துவிட்டுத்தான் “நாளைக்கு” என்று சொல்வார். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜீவராஜுக்கு மட்டும் இந்தக் கள்ளம் தெரியும்.

“காக்கா, துண்டுக்குக் கீழ ஃபேன் ஓடுது. சத்தம் எனக்குக் கேக்குது. என்னத்துக்கு இந்தச் சனத்த அலைய வைக்கிறீங்க?”

“ஓடட்டும் தம்பி. சும்மா சோதிச்சுப் பாக்கிறன்.”

சாமானைக் கொடுத்துவிட்டால் ஆள் போய்விடும். இன்னொரு தரம் ஃபேன் எரியும்வரை வராது. அதுதான் காரணம். இதை ஜீவராஜிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பன் கல்லும் சீமெந்தும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான். மாப்பிள்ளை வந்து குடியேறுவான், பெற்றவர்கள் ஒதுங்கிக் கொடுப்பார்கள். அதில் கோபதாபம் ஒன்றுமில்லை, அது ஊர் வழக்கம். ஸைனுலாப்தீனும் அப்படித்தான். மூத்தவள் முஸ்பிறாவுக்குப் பழைய வீடு. இளையவள் றிஸ்னாவுக்கு அதே வளவுக்குள் புது வீடு. கடைசியில் அவரும் சபியாவும் வளவின் பின்பக்கம் தகரம் போட்ட ஒற்றை அறைக்குப் போனார்கள். இரண்டு பேர் இருக்கும்வரை அது அறையாகத் தெரியவில்லை. அவள் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிசென்று தெரிந்தது.

மகள்மார் கெட்டவர்கள் இல்லை. நேரத்துக்குச் சோறு வரும். சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி, வாசற்படியில் வைத்து, “வாப்பா, சோறு வெச்சிருக்கன்” என்று ஒரு சத்தம். அவர் கதவைத் திறப்பதற்குள் றிஸ்னாவின் முதுகு தெரியும். அவளுக்கு அடுப்பில் வேலை, பிள்ளைகளுக்குப் பாடம். சோறு வருகிறது, ஆள் வருவதில்லை. பக்கத்தில் இருந்து “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கேட்க ஒருவர். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய மச்சான் அபுல் ஹஸன் ஒரு பேச்சோடு வந்தார். கலியாணம் பொருத்திவிடுவதில் அவருக்கு ஒரு ஆசை.

“அட்டாளைச்சேனையில ஒரு பொம்புள. பேரு சித்தி லைலா. புருசன் மவுத்தாகிட்டாரு. அபாயா தைக்கிறவ. சொந்த ஊடு. ஒரே மகன், கட்டாருல. நீங்க அங்க போய் இரிந்தா ஒங்களுக்கும் நல்லம், அவக்கும் நல்லம்.”

ஸைனுலாப்தீன் பிடிகொடுக்காமல் சிரித்தார். ஆனாலும் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வளவுக்கு வந்தார். மகள்மார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வார்த்தைக்காக. ‘ஏன் வாப்பா, நாங்க இல்லையா?’ அதை யாராவது ஒருத்தி கேட்டால் போதும். அட்டாளைச்சேனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

“நல்லம் வாப்பா,” என்றாள் முஸ்பிறா, உடனேயே.

அவர் றிஸ்னாவைப் பார்த்தார்.

“ஓம் வாப்பா. உங்களுக்கும் ஒரு துண வேணுமே. நாங்களும் அதத்தான் கதைச்சிட்டு இரிந்த.”

அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்களாம். எப்போது, எங்கே, இவர் இல்லாமல்? “சரி மக்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். அடுத்த நாள் அவர் அறையின் மூலையில் இரண்டு பெயின்ற் வாளிகள் இருந்தன. றிஸ்னாவின் புருசன் பஸால் கொண்டுவந்து வைத்தது. பஸால் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த அறையில் பின்னேர வகுப்பு வைக்க அவருக்கு நெடுநாள் எண்ணம்.

“அவசரமில்ல மாமா. சும்மா மலிவாக் கிடைச்சிச்சு, வாங்கி வெச்சன்,” என்றார் பஸால். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அபுல் ஹஸனும் ஸைனுலாப்தீனும் அட்டாளைச்சேனைக்குப் பஸ் ஏறினார்கள். அவர் வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, தாடியில் கொஞ்சம் அத்தர். நிந்தவூர் தாண்டும்போது வயற்காற்று யன்னலால் வந்து அடித்தது. பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. பொய் என்ன, ஆசைதான் கூடுதல். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சோறு தின்பதாக நினைத்துப் பார்த்தார்.

சித்தி லைலாவின் தம்பி வாசலில் நின்று வரவேற்றார். முன்னறையில் ஒரு தையல் மெசின், சுவரில் கறுப்பு அபாயாக்கள், மூலையில் ஒரு மேசை ஃபேன். ஃபேனைக் கண்டதும் ஸைனுலாப்தீனின் முகம் மலர்ந்துவிட்டது.

“இது நான் சுத்தின ஃபேன்! முன்கூட்டுக்குச் சிவப்பு வயர் கட்டினது நான்தான். பின்பக்கத்து ஆணி ஒண்டு மாத்தின.”

உள்கதவுத் திரைக்குப் பக்கத்தில் சித்தி லைலா நின்றிருந்தாள். ஐம்பது வயது தாண்டிய, நேராக முகம் பார்க்கிற பெண்.

“ஓம். ஃபேன அடையாளம் தெரியுது. என்னத் தெரியுதா?”

அவர் பார்த்தார். யோசித்தார். தெரியவில்லை.

“இத எடுக்கிறதுக்கு நான் மூணு தரம் கல்முனைக்கு வந்தன். ரெண்டாந் தரம் வரக்குள்ளயே ஃபேன் ஓடிட்டு இரிந்திச்சு. நீங்க அவசரமாத் துண்டால மூடினீங்க.”

அபுல் ஹஸன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்வையை விட்டார். ஸைனுலாப்தீனுக்குக் காது சூடேறியது.

“பரவாயில்ல,” என்றாள் அவள். “எனக்கும் ஊட்டுக்குப் போக அவசரம் இரிக்கல்ல. புருசன் மவுத்தாகி ஊட்டுக்குள்ளயே இத்தா இரிந்து முடிஞ்சு நான் வெளியில இறங்கின மொத வாரம் அது. பஸ்ஸில வரக்குள்ள யோசிச்சிட்டு வந்தன், ஆரோடயாவது கதைக்கணும் எண்டு. அதுக்காகத்தான் தெரிஞ்சும் மூணாந் தரமும் வந்தன். என்ட புருசன்ட பேரு என்னண்டு நான் உங்களுக்குச் சொன்னன். ஞாபகம் இரிக்கா?”

இல்லை. அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. கடைக்கு யாரோ ஒரு பெண் வந்தாள், கதிரையில் இருந்தாள், தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

“உங்கட பொஞ்சாதி ஆக்கிற பாலாணத்துக்கு எத்தின துண்டு மாங்கா எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் சித்தி லைலா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். “நல்ல பொம்புள போல, அல்லாஹ் அவக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும். ஆனா ஒரு ஆள் கதைக்க நான் கேட்டுட்டு இரிக்கிறதெண்டா, என்ட ஊட்டுல ரேடியோ இரிக்கி.”

தம்பி “ராத்தா” என்று மெல்ல அதட்டினார்.

“நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. யோசிச்சுச் சொல்றன்.” பிறகு ஃபேனைக் காட்டினாள். “அது இப்ப திரும்பவும் இரையுது. வந்ததுக்குக் கொண்டு போங்க. வியாழக்கிழம நூல் எடுக்கக் கல்முனைக்கு வருவன். அப்ப எடுக்கிறன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு ஸைனுலாப்தீன் வாயே திறக்கவில்லை. கதைக்காமல் வருகிற அவரைப் பார்க்க அபுல் ஹஸனுக்கே ஒரு மாதிரி இருந்தது. எத்தனை பேர் அந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போயிருப்பார்கள்! வீரமுனையிலிருந்து மோட்டரோடு வரும் வேலப்போடிக்குப் பிள்ளைகள் எத்தனை? தெரியாது. அந்த மனிசன் கையில் ஒரு தரம் கட்டுப் போட்டு வந்தாரே, அது ஏன்? கேட்டதில்லை. தனக்கு ஆளில்லை, ஆளில்லை என்று அழுதவர், வந்த ஆளையெல்லாம் சுவர் மாதிரி வைத்துத்தான் கதைத்திருக்கிறார்.

வளவுக்குள் வந்ததும் றிஸ்னா ஓடிவந்தாள்.

“என்ன வாப்பா முடிவு?”

“யோசிச்சுச் சொல்றாவாம்.”

அவள் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். “அவ என்னத்துக்கு யோசிக்கிறா?” என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் அந்த முகத்தைக் கண்டுவிட்டார். காணாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை அந்த மேசை ஃபேன்தான். புஷ் தேய்ந்திருந்தது. மாற்றினார், எண்ணெய் விட்டார், இறக்கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சிவப்பு வயரை அவிழ்த்துவிட்டு முன்கூட்டுக்கு ஒழுங்கான கொளுக்கி போட்டார். பத்து மணிக்கு ஃபேன் மேசையில் சத்தமில்லாமல் ஓடியது. துண்டை எடுத்துச் சுருட்டி லாச்சிக்குள் போட்டார்.

“என்ன காக்கா, இண்டைக்கு மூடல்லையா?” என்றான் ஜீவராஜ்.

“இல்ல தம்பி.” பிறகு, எதையோ நினைத்தவர்போல, “உன்ட அம்மாக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார்.

ஜீவராஜ் சைக்கிளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “அம்மா போய் ஒரு வருசமாகுது காக்கா. நீங்க செத்த வீட்டுக்கு வந்தீங்களே.”

வந்தவர்தான். வந்து, அங்கேயும் சபியாவின் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பியவர்தான். அவர் வேலைக்குக் குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை வந்தது. கதிரையை ஈரத்துணியால் துடைத்தார். என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ‘உங்கட புருசன்ட பேரு என்ன?’ அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். சபியாவின் பேரை எடுக்கவே கூடாது. சபியா கோபிக்கமாட்டாள், அவளே எத்தனை தரம் சொன்னவள், ‘மத்த ஆளையும் கொஞ்சம் கதைக்க உடுங்களன்’ என்று.

பகல் லுஹர் தொழுகை நேரமும் போனது. சோறு தின்னக்கூட அவர் வளவுக்குப் போகவில்லை, அந்த நேரத்தில் அவள் வந்துவிட்டால்? துணிக்கடைப் பக்கம் போகிற ஒவ்வொரு கறுப்பு அபாயாவையும் எட்டிப் பார்த்தார். அஸருக்குப் பாங்கு சொல்ல முன்னர் ஒரு ஓட்டோ கடை வாசலில் வந்து நின்றது. அவர் எழும்பிவிட்டார். பின்சீற்றில் ஆள் இல்லை. நூல் பெட்டிகள் மட்டும் இருந்தன.

“அட்டாளைச்சேனை லைலா ராத்தாட ஃபேன்,” என்றான் சாரதி, இறங்காமலே. “எடுத்திட்டு வரச் சொன்னா.”

“அவ வரல்லையா?”

“இல்ல. நூலையும் என்னத்தான் எடுத்துவரச் சொன்ன. இன்னொண்டும் சொன்னா காக்கா, குறை நினைக்காதீங்க. ‘நாளைக்கு வா எண்டு சொல்லுவாரு, கிறுகி வந்திராத, அங்கேயே இரிந்து வாங்கிட்டு வா’ எண்டு.”

ஃபேன் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன வேலை கிடக்கிறது, அவவையே வரச் சொல்லுங்க என்று அவர் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தைதானே.

அவர் சுவிட்சை அணைத்தார். இறக்கை நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வயரைச் சுற்றிக் கட்டி, நூல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விழாமல் அணைத்து வைத்தார்.

“தம்பி, அவட புருசன்ட பேரு என்ன? தெரியுமா?”

“நான் பாலமுனை ஆள் காக்கா. எனக்குத் தெரியாது.”

சாரதி ஓட்டோவைக் கிளப்பினான். ஸைனுலாப்தீன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“அவக்கிட்டச் சொல்லுங்க, ஃபேன் முதல் நாளே ஆயிட்டு எண்டு. நான் மூடி வெக்கல்ல எண்டு சொல்லுங்க.”

“ஆ, ஓம் ஓம்,” என்றான் அவன். இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்டதோ தெரியாது. ஓட்டோ மீன் சந்தைப் பக்கம் திரும்பியது.

அன்று அவர் வளவுக்கு வரும்போது மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. பகல் சோறு மூடியபடியே படியில் ஆறிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருந்து தின்ன மேசை இல்லை, கோப்பையைப் பஸாலின் பெயின்ற் வாளிமேல் வைத்தார். முதல் வாயை உருட்டிக்கொண்டு, எதிரே யாருமில்லாத பாயைப் பார்த்து, “உங்கட புருசன்ட பேரு என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.