தடுப்பு மையத்திலிருந்து என் அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த கர்த்தர்

என்னோடு முழங்கால் மடக்கி அழுத உடன்விசுவாசிகளே, கல்லூரிப் பட்டிமன்ற மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் நான். அதை இன்றும் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் போன மழைக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அழைப்பு என் நாவைக் கட்டிப்போட்டது.

என் அண்ணன் எட்வின் அங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனவன். வேலை கொடுத்த நிறுவனம் வெளிநாட்டாரை வேலைக்கு எடுக்கும் உரிமத்தை இழந்தது. அவனுடைய விசா செல்லாமற் போனது. குடியேறிகளை அடைத்துவைக்கும் தடுப்பு மையத்தில் அவனை வைத்தார்கள். அங்கே பழைய மனநோய் திரும்பியது. சுவருக்குள்ளிருந்து யாரோ திட்டுவதாகச் சொன்னான். தூங்கவில்லை. தனியறைக்கு மாற்றினார்கள், இன்னும் மோசமானான். நடிக்கிறான் என்றது அரசுத் தரப்பு.

அவனுக்காக வாதாட முன்வந்த ஈழத்து வழக்கறிஞர் அம்மையார் என்னிடம் கேட்டார்: “தம்பி, அவருக்கு முந்தியே இந்த வருத்தம் இருந்ததெண்டு காட்ட மருந்துச் சீட்டு ஏதும் இருக்கோ?”

இல்லை. எரித்துவிட்டோம்.

கல்லூரி நாட்களில் புதுச்சேரியில் சிகிச்சை பெற்று அண்ணன் தேறியிருந்தான். எங்கள் திண்டிவனம் சபையில், விசுவாசத்துக்கு வருகிறவர்கள் தாயத்துகளைக் கழற்றி நெருப்பில் போடுவது வழக்கம். அவன் சுகமானதற்கு நன்றி சொன்ன ஸ்தோத்திரக் கூட்டத்தன்று அம்மா அவனுடைய மருந்துச் சீட்டுகளையும் மீதி மாத்திரைகளையும் அதே நெருப்பில் போட்டார். சபையே அல்லேலூயா என்று முழங்கியது. இப்போது மருத்துவமனையில் போய்க் கேட்டோம். அத்தனை பழைய பதிவு அங்கும் கிடைக்கவில்லை.

மீதியிருந்தது ஒரே வழி. அம்மா காணொளி வழியே நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அம்மா மறுத்தார்.

“சபைக்கு முன்னாடி சுகமாயிட்டான்னு சாட்சி சொன்னவடா நானு. இப்ப நோயாளின்னு சொன்னா கர்த்தரு பொய்யாயிட மாட்டாரா?”

வேதத்திலிருந்து எடுத்துக்காட்டினேன், தர்க்கத்தால் மடக்கினேன், கெஞ்சினேன்.

“ஊட்லயே பட்டிமன்றம் நடத்திக்கினு கீறியா? போயி சாப்புடு, போ.”

வழக்கறிஞர் அம்மையாருக்கு இங்கே உதவிய விழுப்புரம் வக்கீலின் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து உடம்பு ஓய்ந்தது. ஒரு மாலை, திரும்பும் வழியில் பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றபோது ஜெபிக்க முயன்றேன். அடுக்கிப் பேசத் தெம்பில்லை. “ஆண்டவரே, அவனை வெளியே விடும்.” அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். அழுத முகம்.

“முழங்கால் போட்டேன்டா. ஜெபமே வரல. எட்வினு மூஞ்சிதான் வந்துக்கினே இருந்துது. வக்கீலம்மாகிட்ட சொல்லு, நான் வர்றேன்.”

அன்று நான் தூண்டாமலே அவர் சம்மதித்தார். என் ஜெபத்துக்கு வந்த முதல் பதில் அதுதான்.

விசாரணையன்று விழுப்புரத்தில் அந்த வக்கீல் அலுவலகத்தில் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்தோம். “நீ குறுக்கால பேசக் கூடாது, ஆமா” என்று அம்மாவிடமிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: நோய் இருந்தது உண்மையென்றால் மருந்தை ஏன் எரித்தீர்கள்?

அம்மா நேராகப் பார்த்தார். “சுகமாயிட்டான்னு நம்பினேங்க. கர்த்தரை நம்பினது தப்பில்லிங்க. மருந்தை நெருப்புல போட்டேன் பாருங்க, அது நான் பண்ண தப்பு. எம்புள்ள நடிக்கலிங்க ஐயா.”

இங்கிலாந்தில் மனநல மருத்துவர் அண்ணனைப் பரிசோதித்துச் சொன்னதும் அம்மாவின் சொல்லும் ஒத்துப்போயின. அடைப்பிலிருந்து அவனை விடுவித்து மனநல மருத்துவமனையில் சேர்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். அம்மா மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அண்ணன் முழுமையாகத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். விசா வழக்கு இன்னும் முடியவில்லை. நாங்கள் களைத்துத்தான் இருக்கிறோம். ஆனால் அவன் படுக்கைக்கு அருகே இப்போது காவலர் இல்லை, செவிலியர் இருக்கிறார். “மாத்திர போட்டா அந்த சத்தம் கொறையுதுடா” என்கிறான். நன்றி ஆண்டவரே என்று தினமும் சொல்கிறேன், சுருக்கமாக.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், ஒரு சகோதரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க ஊட்லயும் ஒருத்தன் கீறான்க்கா. யாருக்கும் தெரியாது.” அம்மா அவருக்காக அங்கேயே ஜெபித்தார். மறுநாள் அவர்களோடு மருத்துவமனைக்கும் போனார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். ஆராதனையில் அம்மா கடைசி வரிசையில்தான் உட்காருவார். பக்கத்தில் இடம் இருக்கிறது.