எள்ளளவு உண்ணி

அறுபதுகளின் கடைசியில், அந்தமானில் எங்கள் ஊரான சௌல்தாரியில் காய்ச்சல் என்றால் மலேரியாதான். வேறு காய்ச்சல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எல்லார் வீட்டு அலமாரியிலும் மலேரியா மாத்திரை இருக்கும். உடம்பு சுட்டால் விழுங்கிவிட்டுப் படுப்போம். என் வீட்டுக்காரர் படுத்தபோதும் அதைத்தான் கொடுத்தேன்.

மூன்று நாளாகியும் சூடு இறங்கவில்லை. மலேரியா என்றால் நடுங்குவார், வேர்ப்பார், நடுவில் ஒரு வேளையாவது எழுந்து கஞ்சி கேட்பார். இந்த முறை கேட்கவில்லை. தலை பிளக்கிறது என்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"நாளைக்கு டீக் ஆயிடும், சரியாப் போயிடும், சும்மா இரு" என்றார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் பசுவால் மட்டும்தான் முடியும்.

நான்காம் நாள் காலை, கால் குடைகிறது என்று முனகினார். தைலம் தேய்க்க உட்கார்ந்தால், உள்ளங்காலில் சிவப்புப் புள்ளிகள். கையை விரித்துப் பார்த்தேன், அங்கேயும். மனுஷர் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்துபோனேன். பிறகு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பஸ்ஸில் ஏற்றி போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனேன்.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தமிழ் டாக்டரம்மா, பூச்சி ஏதாவது கடித்ததா என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். வீட்டில் மாடு இருக்கிறதா என்றபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாள் முன்பு, பசுவுக்கு உண்ணி பிடுங்கிவிட்டு வந்தவர் இடுப்பில் ஒன்று ஒட்டியிருந்தது. நானே பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன். வேட்டியை நகர்த்திக் காட்டினேன். அந்த இடத்தில் கருகிய சிறு பொருக்கு.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உண்ணி கடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா அன்னிக்கே வாங்கம்மா. புள்ளி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என் கையிலயும் இல்ல."

வேறு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். காட்டில் படாக் மரக் கட்டைகளைத் தனியாளாகப் புரட்டுகிறவரை எள்ளளவு பூச்சி சாய்த்துவிட்டது. அதை அந்த அம்மா ஒரு மாட்டை விசாரித்தே கண்டுபிடித்துவிட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்தப் பிடிவாதக்காரர் அதற்குப் பிறகு ஒருமுறைகூட "சும்மா இரு" என்று சொல்லவில்லை. உடம்பு லேசாகச் சுட்டாலே, நான் கேட்குமுன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டுவார்.