குரைக்கிற நாய்தான் வேண்டும்

எங்கள் வீட்டுக்கு நாய் வரப்போகிறது என்று அம்மா சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய வருஷம்தான் தாராவியில் எங்கள் பழைய சந்தில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. ஆஸ்பத்திரியில் வரிசையாக ஊசி போட்டார்கள். அதன்பிறகு நாய் வாலை ஆட்டினால்கூட அது எனக்கு மிரட்டலாகத்தான் தெரியும். அம்மாவுக்கும் நாய் ஆகாது. சோற்றில் மயிர் விழும், வீடு நாறும் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தவள் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை சீவிவிட்டு, கிளம்பு, நாய் எடுத்துவரப் போகிறோம் என்றாள்.

அந்த வருஷம்தான் தாராவிச் சந்திலிருந்து கோவண்டிப் பக்கம் ஒரு கட்டிடத்தின் ஏழாவது மாடிக்கு வந்திருந்தோம். சந்தில் நாங்கள் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது சந்துக்கே தெரியும். கட்டிடத்தில் எல்லாக் கதவுகளும் எந்நேரமும் சாத்தியே கிடந்தன. காரிடாரில் பகலிலும் இருட்டு. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களை லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அப்பா மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக்காகப் போயிருந்தார். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு, சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தாள்.

எங்கள் வீட்டுக்கு வந்துபோக இருந்தவர் மாமா ஒருவர்தான். சொந்த மாமா இல்லை, அப்பாவின் ஊர்க்காரர். அப்பாவுக்கு விசா ஏற்பாடு செய்து கொடுத்தவர். அப்பா கிளம்பும்போது எங்களை இவர் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். வரும்போதெல்லாம் சாக்லேட் கொண்டுவருவார், அவருடைய போனில் விளையாட விடுவார். வந்த கொஞ்ச நேரத்தில் கையில் காசைத் திணித்து, கீழே போய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வா என்பார். ஆனால் அம்மா ஒரு நாளும் என்னைப் போகவிட்டதில்லை. இவளுக்குச் சளிண்ணே, படிக்க வேண்டியது கிடக்குண்ணே என்று ஏதாவது சொல்லிவிடுவாள். மற்ற நாட்களில் நான் புத்தகத்தைத் தொட்டேனா என்றுகூடப் பார்க்காதவள், மாமா வந்தால் மட்டும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். கைக்கெட்டிய ஐஸ்கிரீம் போச்சே என்ற ஆத்திரத்தில் நான் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திக் கத்திச் சொல்வேன். அம்மா பேசும் ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் ஒரு ‘அண்ணே’ இருக்கும். இவ்வளவு மரியாதை தெரிந்தவள் ஒரு காபி போட்டுக் கொடுக்க ஏன் இத்தனை யோசிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு முறை போனில் அம்மா அப்பாவிடம் இழுத்து இழுத்து, அந்த அண்ணன் அடிக்கடி வருகிறார் என்று சொன்னாள். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் சந்தோஷமாக வந்தது.

“அவன் பாத்துக்கிடுதாம்னுதானட்டி நான் இங்க நிம்மதியா ஒறங்குதேன்.”

அம்மா, சாப்பிட்டாச்சா என்று பேச்சை மாற்றினாள். அதற்கடுத்த வாரம்தான் நாய் எடுக்கக் கிளம்பினோம்.

அடிபட்ட நாய்களையும் போக்கிடமில்லாத குட்டிகளையும் எடுத்து வைத்திருக்கும் இடம் தேவ்நாரில் இருந்தது. வாசலுக்கு முன்பே சத்தம் காதைப் பிளந்தது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடியே உள்ளே போனேன். ஆனால் கண்ணைத் திறக்காமல் தீராது, ஏனென்றால் அம்மாவின் இந்திக்கு நான்தான் துணை. அங்கிருந்த பெண் ஒரு கூண்டின் முன் எங்களை நிறுத்தினாள். உள்ளே எட்டு மாதத்துப் பெட்டை ஒன்று மூலையில் ஒடுங்கியிருந்தது. முகம் லாப்ரடார் மாதிரி, கால்கள் தெருநாய் மாதிரி. ஒரு காது நிமிர்ந்து நின்றது, ஒன்று மடிந்து கிடந்தது.

இது ரொம்ப சாது, குரைக்கவே குரைக்காது, கட்டிடத்துக்கு இதைவிட நல்ல நாய் கிடைக்காது என்றாள் அந்தப் பெண். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

“குலைக்கிற நாய் இருக்கான்னு கேளு.”

எனக்குக் கேட்கவே மனமில்லை. இருந்தாலும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் குரைக்காத நாய்தான் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே என்றாள். வயதான, பெரிய நாய்கள்தான் குரைக்கின்றன, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவற்றைத் தரமாட்டோம் என்றும் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், சரிப்படாவிட்டால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து நான் கட்டிலை விட்டுக் காலைக் கீழே தொங்கவிடவில்லை. தண்ணீர் குடிக்க இறங்குவதென்றாலும் நாற்காலிக்கு நாற்காலி தாவினேன். ராத்திரி அதன் மூச்சு எனக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் என்னைப் போலவே பயந்து கிடக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அம்மா அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. என்னைக் கூப்பிடுகிற மாதிரியே ‘ஏட்டி’ என்று கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்போம்.

அது குரைக்கவே இல்லை. குக்கர் விசிலடித்தாலும், கீழே பட்டாசு வெடித்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா தரையில் முட்டிபோட்டு, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, மெல்லிய குரலில் குரைத்துக்கொண்டிருந்தாள். நாய் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைக் கண்டதும் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. நானோ சாமி படத்துக்கு இரண்டு தரம் கும்பிடு போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, இது நாயா ஆட்டுக்குட்டியா என்று சிரித்தார். பிறகு வழக்கம்போல் காசை எடுத்தார். சளிண்ணே என்று அம்மா தொடங்கியதை அவர் காதில் வாங்கவில்லை. என் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து, என்னை வெளியே விட்டார்.

“அவ போவ மாட்டாண்ணே” என்று அம்மா ஓடிவந்து கதவைப் பிடித்தாள்.

“ஒரு வார்த்த பேசணும்னா விட மாட்டியா? என்னத்துக்கு இப்படிப் பயப்படுத?” என்று மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் காரிடாரில், காசை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். சாக்லேட் ஐஸ்கிரீமா மாங்காய் ஐஸ்கிரீமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அப்போதுதான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் வந்தது. அடுத்த நிமிஷம் அது வெளியே பாய்ந்து, மாமாவின் முழங்காலுக்கு எதிரே நின்று குரைத்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காரிடார் முழுக்க அதிர்ந்தது. மாமா அம்மாவின் கையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். பழைய சந்தின் அந்தப் பற்கள் திரும்பவும் என் கெண்டைக்காலில் இறங்குவது போலிருந்தது. அதைப் பிடிம்மா, பிடிம்மா என்று அலறினேன்.

அம்மா பிடிக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் நான் காலை நீட்டி உட்கார்ந்தாலே தொடையில் கிள்ளுகிறவள், வீட்டுக்கு வந்தவர் மேல் நாய் பாய்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றாள்.

“நாயப் புடி” என்றார் மாமா.

“எனக்கும் பயமாத்தான் இருக்குண்ணே. அதுக்கு ஆளு தெரியல.”

அதற்குள் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவின் கதவு திறந்தது. பிறகு எதிர்வீட்டுக் கதவு, அதற்கடுத்த கதவு. என்ன சத்தம், குழந்தை தூங்க வேண்டாமா என்று ஆளாளுக்குக் கேட்டபடி வெளியே வந்தார்கள். அத்தனை பேரும் மாமாவையே பார்த்தார்கள். மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார். அம்மா எல்லோரிடமும் தன் அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டாள். திட்டு வாங்கும்போது ஒருத்தியின் முகம் அப்படி மலர்ந்து அன்றுதான் பார்த்தேன். எந்த நேரமானாலும் கதவைத் தட்டு என்று அந்த மராத்திக்கார அம்மா ஏன் சொன்னாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாய் அவள் மடியருகே வந்து நின்றது. அதன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நான் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. எங்களுக்கென்று இருந்த ஒரே மனிதரும் கோபித்துக்கொண்டு போய்விட்டாரே, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். நாய்க்குப் பயந்து அவள் பக்கத்தில் போகவும் முடியவில்லை. நாற்காலியில் நின்றபடியே ஆறுதல் சொன்னேன்.

“அழாதம்மா. மாமா திரும்பி வருவாங்க.”

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. நான் சொன்ன ஆறுதல் பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.