எந்த வழியில் போனாலும் அதே வாசல்

தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்ப்பேன், ஆட்டிப் பார்ப்பேன், அப்புறம் கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்ட என் முன்னால் ஒருவன் அட்டைக்குப் பின்னால் பகடை உருட்டினால் நம்புவேனா?

தொண்ணூறுகளின் கடைசி. மாத்தளை டவுனில் அப்பாவின் மிளகு, கராம்புக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மத்தியானங்களில் நாலு பேர் கூடுவோம். லண்டனிலிருந்து வந்த அத்தை மகன் விட்டுப்போன விளையாட்டு அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நான் திருடன். இன்னொருவன் சிப்பாய், மற்றவன் மந்திரவாதி. செய்தது பலித்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்துகிறவன் மட்டும் தன் பகடையை ஒரு அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டலாமாம். எனக்குப் பிடிக்காத சட்டம்.

எங்களுக்குக் கதை நடத்தியவன் உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பஸ்ஸில் வருகிற வகுப்புத் தோழன். "கதை உங்க கையிலதான், எங்க வேணும்னாலும் போங்க" என்பான். போனோம். காட்டு வழியாகப் போனால் ஒரு வாசல், ஒரு காவல்காரன், "நீ யாரு? எத வச்சு நம்புறது?" என்று ஒரு கேள்வி. ஆற்று வழியாகப் போனாலும் அதே. மந்திரவாதி எங்களைப் பறக்கவைத்தே கூட்டிப்போனான். இறங்கின இடத்தில் வாசல் நின்றது. முடிவை முன்னாலேயே பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, பேருக்கு எங்களைக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அட்டைய எடுடா, உருட்டுறத பாப்போம்."

"நம்பாட்டி வெளையாட முடியாதுடா."

"நம்புறதுக்கு நீ என்ன மாரியம்மனா?"

சிரித்தான். அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

கொழும்பில் குண்டு வெடித்தால் மாத்தளையில் தமிழர்கள் எங்களிடம் அடையாள அட்டையைக் கேட்கிற காலம். ஒரு ஞாயிறு ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் சிப்பாய், "வாசல்ல எத்தன காவல்? இன்னைக்கு ஒடைச்சே தீருவோம்" என்று கத்தினான். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை.

பொலிஸ் ஜீப் வந்தது. மேசையில் எங்கள் கைவரைபடம்: காடு, கோட்டை, சிவப்பு மையில் வாசல். இன்ஸ்பெக்டர் அதையே பார்த்தார். விளையாட்டு என்று சிங்களத்தில் விளக்கினோம். "அப்படியானால் விளையாடிக் காட்டுங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் காவல்காரன் நான்தான்."

கதை நடத்துகிற தோழன் தொடங்கினான். மூன்று பேர் வாசலுக்கு வருகிறார்கள் என்றான்.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"அது உங்கள் விருப்பம், சேர்."

எங்களிடம் ஒரு நாளும் அவன் அதை இப்படி மனதாரச் சொன்னதில்லை. அந்தப் பயத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

இன்ஸ்பெக்டர் பகடையைத் தொடவே இல்லை. "அடையாள அட்டை உள்ளவன் போகலாம். இல்லாதவன் நிற்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். அது கதைக்கில்லை என்று விளங்கச் சற்று நேரம் ஆனது. நாங்கள் மூவரும் அட்டையை எடுத்துக் கொடுத்தோம். அவன் எடுக்கவில்லை. பிறப்புப் பதிவில் ஏதோ பிழையாம். அவன் அப்பா அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்தும் அட்டை வரவில்லையாம். டவுன் சோதனைச் சாவடிக்கு முந்தின பஸ் ஹோல்டிலேயே இறங்கி அவன் ஏன் எப்போதும் குறுக்கு வழியில் நடந்து வந்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவனை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

தோட்டத்து மேனேஜர் துரை வந்து பேசின பிறகு விட்டார்கள். அடித்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பிறவிக் குணம் போகுமா? பஸ் ஸ்டாண்டில் கண்டதும் மற்றதைக் கேட்டே விட்டேன்.

"உண்மையச் சொல்லு. நாங்க எந்த வழியில போனாலும் அந்த வாசல நீதானே கொண்டுவந்து வச்ச?"

"வேணும்னு வைக்கலடா" என்றான். "வாசல் இல்லாத வழிய எனக்குச் சொல்லத் தெரியல."